பழைய கணினியில் ஓஎஸ் போட யாரிடம் அனுமதி கேட்பது?

2022 ஜூலையில், டிஆர்டாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஸ்பார்க்ஸ் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். சிபி/எம் இயங்குதளத்தையும் அதன் வழிவந்தவற்றையும் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம் என்பது அதன் சாரம். சில வாக்கியங்கள்தான். ஆனால் பழைய கணினிகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் அந்தச் சில வாக்கியங்களுக்காக 20 வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

சிபி/எம் 1974-ல் பிறந்தது. எழுதியவர் கேரி கில்டால், 1994-ல் இறந்துவிட்டார். அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை 1991-ல் நாவெல் வாங்கியது, 1996-ல் அந்தச் சொத்துகளை நாவெலிடமிருந்து கால்டெரா வாங்கியது, அங்கிருந்து லினியோ, அப்புறம் ஸ்பார்க்ஸ் தொடங்கிய இன்னொரு நிறுவனம் என்று கை மாறிக்கொண்டே போனது. இசட்80, 8080 சிப்களில் ஓடும் 8-பிட் இயங்குதளம் இது. இதை விற்றுப் பிழைக்கும் காலம் 1980-களிலேயே முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு அனுமதி வாங்க ஏன் இவ்வளவு காலம்? இத்தனைக்கும் அனுமதி 2001-லேயே கிடைத்திருந்தது. கொடுத்ததும் இதே ஸ்பார்க்ஸ்தான், அப்போது லினியோவின் தலைவராக. சிக்கல் அந்த அனுமதியின் ஒரு சொற்றொடரில் இருந்தது. சிபி/எம் தொழில்நுட்பத்தை, அதிகாரப்பூர்வமற்ற சிபி/எம் தளம் என்று பெயர் கொண்ட ஒரு குறிப்பிட்ட இணையதளத்தின் பகுதியாகப் பயன்படுத்தலாம், பகிரலாம், மாற்றலாம் என்று அந்த மின்னஞ்சல் சொன்னது.

அந்த "பகுதியாக" என்பதற்கு என்ன பொருள் எடுப்பது? அந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டவருக்கு, தன் கணினியில் போட்டுக்கொள்ளும் உரிமை வந்துவிட்டதா? அவர் அதை நண்பருக்குக் கொடுக்கலாமா? இசட்80 போர்டு கிட் தயாரித்து விற்பவர், கூடவே சிபி/எம் பதிந்த ஒரு மெமரி கார்டையும் அனுப்பினால் அது அந்தத் தளத்தின் பகுதியா, தனி வியாபாரமா? கொடுத்தவருக்கு நல்ல மனம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உரிமம் என்பது எழுத்து. சந்தேகம் வந்தால் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், அதுவும் நிறுவனம் அடுத்தவர் கைக்குப் போன பிறகு எழுத்தை மட்டுந்தான் பார்ப்பார்கள்.

"இத்தனை வருடம் எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டுதானே இருந்தார்கள், யார் வழக்குப் போட்டார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் ஒரு பழைய பெட்டியை வைத்து விளையாடுபவரைத் தேடி யாரும் வருவதில்லை. ஆனால் தெளிவில்லாத உரிமம் தடுத்து நிறுத்துவது அவரை இல்லை, விதியை மதித்து நடக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களை. சட்டப் பிரிவு வைத்திருக்கும் அருங்காட்சியகம், கணினி வரலாறு சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகம், லினக்ஸ் வினியோகத்தில் எமுலேட்டரோடு, அதாவது பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலோடு, ஒரு டிஸ்க் இமேஜையும் சேர்த்துத் தர நினைக்கும் தன்னார்வலர், நேர்மையாகக் கிட் விற்கும் சிறு வியாபாரி, இவர்கள்தான் கை வைக்கத் தயங்குவார்கள். ஒரு மென்பொருள் நூறு வருடம் தாண்டி நிற்க வேண்டுமென்றால் இந்த நான்கு பேரும் அதைத் தொட வேண்டும். கண்டும் காணாமல் விடுவதை அனுமதி என்று எண்ணிக்கொண்டு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பவர் நாளைக்கே நிறுவனத்தை விற்றுவிடலாம்.

பதிப்புரிமைக் காலம் முடியட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. அமெரிக்கச் சட்டத்தில், ஊழியர்களை வைத்து நிறுவனம் உருவாக்கிய படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 வருடம் பாதுகாப்பு. சிபி/எம் 2.2 வந்தது 1979-ல், அதாவது 2074 முடிய வேண்டும். எம்எஸ்-டாஸ் 6.22 வந்தது 1994-ல், அதற்கு 2089. பிளாப்பியில் இருக்கும் காந்தப் பூச்சு அதுவரை தாங்காது. கைவிடப்பட்ட மென்பொருள் என்று ஒரு வகை இருப்பதாக இணையத்தில் பேசுகிறார்களே, சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதாலோ, நிறுவனம் திவாலாகிவிட்டது என்பதாலோ உரிமை காற்றில் கரைந்துவிடுவதில்லை. கடன்காரருக்கோ வாங்குபவருக்கோ அது போய்ச் சேரும், பல சமயம் தன்னிடம் அப்படி ஒன்று வந்து சேர்ந்ததே தெரியாதவரிடம்.

இந்தக் குழப்பம் முளைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து உரிமங்கள் எல்லாம் ஒரு பிளாப்பி, ஒரு இயந்திரம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. சிபி/எம் பிரதி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, இயங்குதளத்தின் உள்ளேயே அது பதிந்திருக்கும். நினைவகத்தின் அளவுக்கு ஏற்ப சிஸ்டத்தை மாற்றி அமைக்க மூவ்சிபிஎம் என்று ஒரு நிரல் வரும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் எண்ணும் மூவ்சிபிஎம்முக்குள் இருக்கும் எண்ணும் பொருந்தாவிட்டால் "சிங்க்ரனைசேஷன் எரர்" என்று காட்டிவிட்டு எல்லாம் அப்படியே நின்றுவிடும். இன்றைக்குப் பழைய பெட்டி ஒன்றுக்கு இணையத்திலிருந்து பாதி, நண்பரின் பிளாப்பியிலிருந்து பாதி என்று சேர்த்து சிஸ்டம் அமைப்பவர்கள் இந்தப் பிழைச்செய்தியில் முட்டிக்கொண்டு, டிஸ்க்தான் கெட்டுப்போய்விட்டது போல என்று அலைவார்கள். அது 1979-ன் உரிம ஒப்பந்தம், நிரலாக உருமாறி நிற்பது.

இன்னொன்றும் உண்டு. சிபி/எம் என்பது ஒரே ஆள் எழுதிய ஒரே பொருள் கிடையாது. பிடாஸ், சிசிபி என்ற இரண்டு பகுதிகள் டிஜிட்டல் ரிசர்ச்சுடையவை. பயாஸ் என்ற மூன்றாவது பகுதியை, அதாவது அந்தந்த இயந்திரத்தின் திரை, விசைப்பலகை, டிஸ்க் டிரைவோடு பேசும் பகுதியை, ஆஸ்போர்ன், கேப்ரோ, எப்சன் என்று கணினி தயாரித்த ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிக்கொண்டது. ஆக 2022-ன் பத்தி டிஜிட்டல் ரிசர்ச் பகுதிக்கு வழி திறந்துவிட்டது; ஒரு கேப்ரோவின் பூட் பிளாப்பியை முழுசாக நகலெடுக்கும்போது அதில் கேப்ரோவின் பயாஸும் இருக்கிறது, அந்த நிறுவனமும் திவாலாகி எப்போதோ போய்விட்டது. "அதன் வழிவந்தவை" என்ற சொல்லும் முழுக்கத் தெளிவில்லை. சிபி/எம்-86 அதில் அடங்கும் என்பதில் பெரிய சந்தேகம் வராது. ஆனால் அதிலிருந்து கன்கரண்ட் டாஸ், அதிலிருந்து டிஆர்-டாஸ் என்று ஒரு வம்சமே போகிறது, கோடு எங்கே முடிகிறது? அப்படியும் முந்தையதைவிட இது எத்தனையோ மடங்கு நல்ல பத்தி. ஒரு தளத்தின் பெயரில் கட்டிப்போட்ட கயிற்றை அது அவிழ்த்துவிட்டது.

சரி, உரிமம் தெளிவாக இல்லை என்றால் சட்டமாவது உதவுமா? ஓரளவு. மென்பொருளை டிஸ்கில் நிறுவுவதே ஒரு நகலெடுப்பு, அதனால் பதிப்புரிமைச் சட்டம் உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு, பிரதியின் உரிமையாளர் அதை இயக்குவதற்கு அவசியமான நகலையும் காப்பு நகலையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2010-ல் ஆட்டோடெஸ்க் தொடர்பான வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தம் இதை உரிமம் என்று சொல்லி, கைமாற்றுவதையும் பயன்படுத்துவதையும் கணிசமாகக் கட்டுப்படுத்தியிருந்தால், பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவரும் உரிமையாளர் ஆகமாட்டார், உரிமம் பெற்றவர்தான் என்று சொல்லிவிட்டது. உரிமையாளருக்கு என்று சட்டம் தந்த சலுகை அப்போது அவருக்குக் கிடைக்காது.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், பிரதியைச் சட்டப்படி கையில் வைத்திருப்பவர், அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காக நகலோ தழுவலோ செய்துகொள்ளலாம், தொலைந்துபோகாமல் இருக்கக் காப்பு நகலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. உரிமையாளராகவே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் "வழங்கப்பட்ட நோக்கம்" எது? 1992-ல் ஒரு குறிப்பிட்ட கணினியில் ஓடுவதற்காக விற்ற பிளாப்பியை, அந்தக் கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டுவது அதே நோக்கமா? ஆமாம் என்று வாதாட இடம் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. லாட்வியாவிலிருந்து போன ஒரு வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-ல், பழைய மென்பொருளை அசல் டிஸ்கோடு மறுவிற்பனை செய்யலாம், ஆனால் அசல் டிஸ்க் சேதமாகியிருந்தால்கூட அதற்குப் பதில் எடுத்து வைத்த காப்பு நகலை, உரிமைதாரர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய கணினி உலகத்தில் இதன் பாதிப்பு ரொம்பப் பெரிது, ஏனென்றால் 30 வருடம் கழித்து அசல் பிளாப்பிகள் கெட்டுப்போவது விதிவிலக்கு கிடையாது, அதுதான் வழக்கம். காசு கொடுத்து வாங்கி, கையேடு, பெட்டி, ரசீது எல்லாம் பத்திரமாக வைத்திருப்பவரும், அந்த இயந்திரத்தை விற்கும்போது ஓடக்கூடிய நகலைக் கூடக் கொடுத்தால் சிக்கலில் மாட்டலாம்.

உரிமத்தில் அதிகம் சிரமம் தருவது "இயந்திரம்" என்ற சொல்தான். கணினியோடு சேர்த்து விற்ற விண்டோஸ் 95, 98 பிரதிகளின் உரிமம், மென்பொருளும் வன்பொருளும் ஒன்றிணைந்த ஒரே பொருள், அந்த வன்பொருளோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சொல்கிறது. 1998-ல் வாங்கிய பெட்டியின் மதர்போர்டில் கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது, அதே மாடல் போர்டு இன்னொரு குப்பையிலிருந்து கிடைக்கிறது, மாற்றிவிட்டீர்கள். இப்போது அது அதே வன்பொருளா? ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது கேபினட்டில். கேபினட் அதே. ஹார்ட் டிஸ்க் போய் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு வந்துவிட்டது. பவர் சப்ளையும் புதிது. பழைய கணினியைப் பராமரிப்பது என்றாலே ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டு போவதுதான். எந்தப் பாகத்தோடு உரிமம் போகிறது என்பதை அந்த வரிகளை எழுதிய வக்கீல்கள் யோசித்திருக்க மாட்டார்கள், அவர்கள் மூன்று வருடத்தில் தூக்கிப்போடும் பொருளுக்காக எழுதினார்கள்.

ஆப்பிளின் பழைய இயங்குதள உரிமங்கள் "ஆப்பிள் முத்திரை இட்ட" கணினியில் மட்டும் என்று கட்டுப்படுத்தின. ஆப்பிள் ஸ்டிக்கரை எந்தக் கணினியில் ஒட்டினாலும் முத்திரை இட்டதாகிவிடாதா என்று ஆர்வலர்கள் வாதம் செய்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அதெல்லாம் எடுபடும் என்று நம்ப வேண்டாம். ஆப்பிள் அல்லாத கணினியில் மேக் ஓஎஸ் எக்ஸ் போட்டு விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009-ல் தோற்றது, 2011-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. விநோதம் என்னவென்றால் சிஸ்டம் 7.5.3-ஐ ஆப்பிளே ஒரு காலத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வைத்திருந்தது. இலவசமாகக் கொடுத்தது ஓஎஸ்ஸை மட்டும். அந்தக் காலத்து மேக்கின் ரோமில், அதாவது போர்டில் நிரந்தரமாகப் பதிந்து வரும் சிப்பில், இயங்குதளத்தின் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தது, அந்த ரோமுக்கு எந்த அனுமதியும் வரவில்லை. பேசிலிஸ்க் போன்ற எமுலேட்டர் ரோம் இல்லாமல் ஓடாது. அதாவது கதவைத் திறந்துவிட்டு, படியை எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஒரே உரிமையாளர் தெளிவாகத் தெரிந்த இடங்கள். கமடோர் நிறுவனத்தின் ஆமிகா கணினிக்கு வந்தால் கதையே வேறு.

கமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் மூடப்பட்டது. 1995-ல் ஜெர்மனியின் எஸ்காம் வாங்கியது, அடுத்த வருடமே அதுவும் திவால். 1997-ல் அமெரிக்காவின் கேட்வே வாங்கியது. சில வருடத்தில் அமினோ என்ற சிறு நிறுவனம் வாங்கி, ஆமிகா இன்க் என்று பெயர் வைத்துக்கொண்டது. 2001-ல் அந்த நிறுவனம் பெல்ஜியத்தின் ஹைபீரியனோடு ஆமிகா ஓஎஸ் 4 எழுத ஒப்பந்தம் போட்டது. 2007-ல் இரு தரப்பும் நீதிமன்றத்துக்குப் போய், 2009-ல் சமரசம் ஆனது. அந்தச் சமரசத்தில் ஹைபீரியனுக்கு ஆமிகா ஓஎஸ் 3.1-ன் மேல் நிரந்தரமான, உலகளாவிய உரிமம் கிடைத்தது. இதற்கிடையே, 1997 முதல் ஆமிகா ஃபாரெவர் என்ற தொகுப்பை உரிமத்தோடு விற்றுவந்த குளோவாண்டோ, 1993 வரையிலான கமடோர்-ஆமிகா படைப்புகளின் பதிப்புரிமையைத் தான் வாங்கிவிட்டதாக அறிவித்தது.

நம் ஊரில் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்பார்கள். ஆமிகாவுக்கு அப்படி வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் கையில் பத்திரம் இருக்கிறது, இரண்டும் செல்லும் போலத்தான் தெரிகிறது. 2009 சமரசத்தின் உரிமம் ஆமிகா ஓஎஸ் 4-ஐ உருவாக்குவதற்கு மட்டுமா, அல்லது பழைய 68000 சிப் இயந்திரங்களுக்கு 3.1-ன் புது வடிவங்களை வெளியிடுவதற்கும் சேர்த்தா? ஹைபீரியன் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு 2018-ல் 3.1.4, 2021-ல் 3.2 என்று வெளியிட்டது. குளோவாண்டோ தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை, வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2019-ல் ஆமிகா இன்க்கின் சொத்துகள் குளோவாண்டோவின் தலைவர் கைக்கே வந்து ஆமிகா கார்ப்பரேஷன் ஆனது. அதனாலும் பூசல் தீரவில்லை.

நடுவில் நிற்பவர் யார் என்று பாருங்கள். ஆமிகா 500 வைத்திருக்கும் ஒருவர். அவருடைய இயந்திரத்தில் கிக்ஸ்டார்ட் 1.3 ரோம் சிப் இருக்கிறது, ஆமிகா ஓஎஸ்ஸின் ஒரு பகுதி அதில்தான் இருக்கும். மேம்படுத்த வேண்டுமென்றால் 3.1 சிப்பையும் கூடவே வொர்க்பெஞ்ச் டிஸ்குகளையும் வாங்க வேண்டும். ஒரு கடை ஒருவரின் உரிமத்தில் விற்கிறது, இன்னொரு கடை மற்றவரின் உரிமத்தில். இருவரும் மற்றவருக்கு உரிமை இல்லை என்கிறார்கள். காசு கொடுத்து, முறைப்படி வாங்கியும் தான் வாங்கியது முறைப்படிதானா என்று தெரியாத நிலையில் ஒரு வாடிக்கையாளரை நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். இந்தச் சண்டையில் ஆமிகாவை 30 வருடம் விடாமல் பிடித்திருந்தவர்கள்தான் இரு பக்கமும் காசு கொடுத்தவர்கள்.

பிஸ்டார்ம் மாதிரியான புதுக் கருவிகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. ஆமிகாவின் 68000 சிப் இருக்கும் சாக்கெட்டில், பிஸ்டார்ம் வழியாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியைச் செருகினால், அது பழைய சிப்பைவிட பல மடங்கு வேகமாக வேலை செய்யும். கிக்ஸ்டார்ட்டை மதர்போர்டில் உள்ள சிப்பிலிருந்து எடுக்காமல் எஸ்டி கார்டில் இருக்கும் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளவும் முடியும். மதர்போர்டில் 3.1 சிப் இருக்கிறது, கார்டிலும் அதே 3.1-ன் நகல், இயந்திரம் ஒன்றுதான். இது இரண்டு நிறுவலா? எமுலேட்டருக்கென்று வாங்கிய ரோம் கோப்பை இந்தக் கார்டில் போடலாமா, ராஸ்பெர்ரி பை செய்வது எமுலேஷன்தானே? இதற்குப் பதில் ஒவ்வொரு விற்பனையின் உரிமத்திலும் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, எழுதியவர்கள் இப்படி ஒரு கருவி வரும் என்று நினைத்து எழுதவில்லை.

பழைய ஸ்பெக்ட்ரம் கணினிக்கும் இதே கேள்வி உண்டு. 1986-ல் சின்கிளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், 1999-ல் ரோம்களை எமுலேட்டர்களோடு சேர்த்துத் தரலாம், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் மாற்றாதீர்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னது. ஆனால் அந்த அனுமதி எமுலேட்டர் எழுதுபவர்களை நோக்கிச் சொன்னது. அதே ரோமைச் சிப்பில் எரித்து, புதிதாகச் செய்த போர்டில் போட்டு விற்பவர் அதன் கீழ் வருவாரா என்று அந்த வாசகத்தை வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.

யூனிக்ஸ் கதையில் தாராளமான உரிமம் கிடைத்தும் ஒரு நிழல் விழுந்தது. 2002 ஜனவரியில் கால்டெரா, யூனிக்ஸ் 1 முதல் 7 வரையிலான பதிப்புகளையும் 32வி-யையும் பிஎஸ்டி மாதிரியான உரிமத்தில் திறந்துவிட்டது. யூனிக்ஸ் ஓடிய பழைய பிடிபி-11 கணினி வைத்திருப்பவர்களுக்கு அது பொற்காலத்தின் தொடக்கம். ஒரே வருடத்தில், எஸ்சிஓ என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம் யூனிக்ஸ் உரிமையை வைத்து ஐபிஎம் மேல் வழக்குப் போட, யூனிக்ஸ் தொழிலை முன்பு கைமாற்றியிருந்த நாவெல் குறுக்கே வந்து, யூனிக்ஸ் பதிப்புரிமையை நாங்கள் விற்கவே இல்லை என்றது. 2010-ல் ஜூரி நாவெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்படியானால் 2002-ல் உரிமம் கொடுத்தவருக்குக் கொடுக்க அதிகாரம் இருந்ததா? நாவெல் அதை எதிர்த்துப் பழைய யூனிக்ஸ் ஆர்வலர்கள் மேல் பாயவில்லை, நடைமுறையில் உரிமம் நிற்கிறது. ஆனால் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. 8, 9, 10-ஆம் பதிப்புகளுக்கு 2017-ல் அல்காடெல்-லூசன்ட் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது: வணிக நோக்கமற்ற நகலெடுப்பு, வினியோகம், தழுவல் எதற்கும் எதிராக எங்கள் பதிப்புரிமையை நாங்களும் (யூனிக்ஸ் பிறந்த) பெல் லேப்ஸும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். உரிமையை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை, தங்கள் கையை மட்டும் கட்டிக்கொண்டார்கள்.

ஓபன்விஎம்எஸ் விஷயத்தில் வார்த்தைகளில் பெரிய குழப்பம் இல்லை. ஆனால் வார்த்தைக்குப் பின்னால் ஒரு பூட்டு இருக்கிறது. 1977-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கொண்டுவந்த வாக்ஸ் கணினிகளுக்கான இயங்குதளம் அது. 1997 முதல் பொழுதுபோக்காளர்களுக்கு இலவச உரிமம் கொடுத்தார்கள், ஆனால் காலாவதியாகும் சாவியாக, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். சாவி இல்லையென்றால் கன்சோலில் மட்டும் உள்ளே போகலாம், மற்ற டெர்மினல்களிலிருந்து முடியாது, நெட்வொர்க்கும் கம்பைலர்களும் மறுத்துவிடும். டிஜிட்டலை 1998-ல் காம்பாக் வாங்கியது, காம்பாக்கை 2002-ல் எச்பி வாங்கியது, கடைசியில் எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ-யிடம் வந்தது. 2020-ல் எச்பிஇ இந்தத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது, கடைசியாகக் கொடுத்த சாவிகள் 2021 முடிவோடு செத்துவிட்டன. ஓபன்விஎம்எஸ்ஸை இப்போது வளர்க்கும் விஎஸ்ஐ நிறுவனம் ஆல்ஃபா, இட்டானியம், பிறகு எக்ஸ்86 சிப் கணினிகளுக்குத் தன் சமூக உரிமத்தைக் கொண்டுவந்தது, ஆனால் எச்பிஇ-யோடு போட்ட ஒப்பந்தத்தில் வாக்ஸ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எந்த இயந்திரத்துக்காக இந்த ஓஎஸ் பிறந்ததோ அந்த இயந்திரத்துக்கே உரிமம் கொடுக்க ஆள் இல்லை. உரிமை வைத்திருப்பவர் கொடுக்க மறுக்கிறார், கொடுக்க விரும்புபவரிடம் உரிமை இல்லை. ஆயிரக்கணக்கான ரூபாய் மின்சாரம் செலவழித்து ஒரு வாக்ஸை ஓட வைப்பவருக்குச் சட்டப்படி மிச்சம் இருப்பது, பழைய நிரந்தரச் சாவியோடு யாராவது விற்கும் இயந்திரத்தைத் தேடிப் பிடிப்பதுதான், அந்தச் சாவியைக் கைமாற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி.

"வணிக நோக்கமற்ற" என்ற சொல்லும் பல இடங்களில் காலை வாரிவிடுகிறது. கட்டணம் வாங்கும் அருங்காட்சியகத்தில் அந்த இயந்திரம் ஓடினால் வணிகமா? விளம்பரம் வரும் யூடியூப் காணொளியில் காட்டினால்? பழைய கணினியைச் சரிசெய்து, ஓஎஸ் போட்டு, அடக்க விலைக்கு விற்றால்? மைக்ரோசாஃப்ட் இதில் நல்ல பாடம் தருகிறது. எம்எஸ்-டாஸ் 1.25, 2.11-ன் சோர்ஸ் கோடை 2014-ல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வழியாக வெளியிட்டபோது, படிக்கலாம், ஆராயலாம், ஆனால் வேறெங்கும் மறுவெளியீடு செய்யக்கூடாது என்று உரிமம் போட்டார்கள். யாராலும் அதை வைத்து எதுவும் கட்ட முடியவில்லை. 2018-ல் அதே கோடை, யாரும் மாற்றவும் பகிரவும் விடும் எம்ஐடி உரிமத்தில் மறுபடி வெளியிட்டார்கள், 2024-ல் 4.00-ஐயும் அதே உரிமத்தில். கோடில் ஒரு வரிகூட மாறாமல், உரிமம் மாறியதாலேயே அது பார்க்க மட்டும் உரிய காட்சிப்பொருள் என்ற நிலையிலிருந்து பயன்படுத்தக்கூடிய பொருளாகிவிட்டது. ஏகார்ன் கணினிகளுக்காகப் பிறந்த ரிஸ்க் ஓஎஸ்ஸும் இதேபோல வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் என்ற ஏற்பாட்டிலிருந்து 2018-ல் அப்பாச்சி உரிமத்துக்கு வந்தது. இரண்டு இடத்திலும் புதிதாகச் சட்ட மேதைகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே புரிந்த ஓர் உரிமத்தை எடுத்து ஒட்டினார்கள்.

அனுமதிக்காகக் காத்திருக்காமல் தாங்களே எழுதிக்கொண்டவர்களும் உண்டு. எம்எஸ்-டாஸுக்கு மாற்றாக 1994-ல் தொடங்கிய ஃப்ரீடாஸ், ஆமிகா ஓஎஸ்ஸுக்கு மாற்றாக 1995-ல் தொடங்கிய ஏராஸ். புது இயந்திரம் செய்பவர்கள் பலர் இவற்றைத்தான் நம்புகிறார்கள். ஆமிகாவுக்கான வாம்பயர் போர்டுகளில் வரும் அப்போலோ ஓஎஸ் ஏராஸிலிருந்து வந்தது. இந்த உழைப்பின் மேல் எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனால் ஓர் இயந்திரம் 1987-ல் எப்படி நடந்துகொண்டது என்று காட்ட வேண்டிய இடத்தில் மாற்று ஓஎஸ் போதாது. அன்றைய பிழைகளோடு, அன்றைய தாமதங்களோடு அசலே ஓட வேண்டும்.

எனவே பழைய ஓஎஸ் ஒன்றின் உரிமைதாரரைக் கண்டுபிடித்து எழுதப் போகிறவர்கள், "இதைப் பயன்படுத்தலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தாராளமாக" என்று ஒரு வரிப் பதில் வரும், அது 2001-ன் மின்னஞ்சல் மாதிரியே ஆகிவிடும். வாசகத்தை நீங்களே எழுதி அனுப்பி, அதில் கையெழுத்து கேளுங்கள். எந்தப் பதிப்புகள் என்று எண்ணோடு இருக்கட்டும். ரோம் அதில் சேர்த்தியா என்று தனியாக இருக்கட்டும். அசல் இயந்திரம், புதிதாகச் செய்த போர்டு, எமுலேட்டர் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பெறுபவர் நீங்கள் மட்டும் என்று இல்லாமல் யார் வேண்டுமானாலும் என்றும், காசுக்கு விற்கும் போர்டோடு கொடுக்கலாமா கூடாதா என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுபவரிடம் அந்த உரிமை எப்படி வந்தது, யாரிடமிருந்து எந்த வருடம் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2022-ல் ஸ்பார்க்ஸ் அதைச் சேர்த்திருந்தார், டிஜிட்டல் ரிசர்ச் சொத்துகள் தங்களிடம் எப்படி வந்தன என்று. எச்பிஇ-யிடம் வாக்ஸுக்காக இப்படி ஒரு கடிதம் போக வேண்டும், இன்னும் அந்த இயந்திரங்களை ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.